மார்ச் சம்பளம் பூஜ்யம்

"மேடம், எனக்க சம்பளம் எங்க?"

கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கு நான் பொறுப்பேற்ற முதல் வருஷம். மார்ச் பே ஸ்லிப் போன கால் மணி நேரத்தில் செல்வின் என் மேஜை முன்னால் நின்றான். நாகர்கோவில்காரன், அக்டோபரில் வேறு கம்பெனியிலிருந்து வந்து சேர்ந்தவன். செல்போனை நீட்டினான். கைக்கு வரும் தொகை பூஜ்யம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாசம் பூரா வேல பாத்தேன்லா? ஒண்ணாந்தேதி இங்க பாத்து வச்ச வாடக வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலன்னா ஓனரு வேற ஆளுக்கு விட்டுருவாரு. பொண்டாட்டியும் கைப்புள்ளயும் ஊர்ல கெடக்கு மேடம்."

"வருஷக் கடைசி, பாக்கி டாக்ஸ் மொத்தமும் இந்த மாசம் பிடிச்சிருக்கு. ரெண்டு கம்பெனியும் தனித்தனியா கணக்குப் போட்டதுல இத்தனை நாள் கம்மியாத்தான் பிடிச்சிருக்கு. நான் மெயில் போட்டப்புறம்தானே பழைய சம்பளக் கணக்கை அனுப்பினே?" என்று அதட்டினேன்.

"சேந்த அன்னைக்கே ஒங்க கையில தந்தேன்லா!"

எங்கள் ஆபீசில் சேருகிற அன்று வாங்கும் காகிதமெல்லாம் சர்டிபிகேட் நகல்களோடு ஒரே கவருக்குள் போய்விடும். அவன் கவரைப் பிரித்தேன். அந்தத் தாள் இருந்தது, ஓரத்தில் என் கையெழுத்தோடு. ஐயோ! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஃபைனான்ஸ் மேனேஜரிடம் ஓடினேன்.

"தப்பு என்னோடது சார். அவனுக்கு ஒரு மாசச் சம்பளம் அட்வான்ஸ் கொடுங்கோ."

அவர் மலையாளி, எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். "டாக்ஸ் அயாளுடெ அல்லே, அவனோடதுதானே? இன்னைக்கு இவன், நாளைக்கு எல்லாரும் வரும். சாரமில்ல மேடம், விடு."

சாரமில்லையாம், பரவாயில்லையாம்! என் பணத்தைத் தருகிறேன் என்று செல்வினிடம் சொன்னேன். "வேண்டாம் மேடம்" என்று போய்விட்டான். வீடு கைவிட்டுப் போனது. ஜூனில் வேறு வீடு கிடைக்கும் வரை வாராவாரம் ரயிலேறிப் போய்த்தான் அவன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய கம்பெனியின் சம்பளக் கணக்குத் தாளைக் கவரில் போடாதீர்கள். வாங்கிய அன்றே கணினியில் ஏற்றுங்கள்.

ஒரு நாள் கேன்டீனில் செல்வின் கேட்டான்: "வருசத்துல எத்தன நாளு டாக்ஸுக்குன்னு வேல பாக்கேன் மேடம்?"

கணக்குப் போட்டேன். நாற்பத்தைந்து நாள். மாதாமாதம் பிடித்திருந்தால் முணுமுணுக்காமல் கட்டியிருப்பான். அதில் முப்பத்தொரு நாளை ஒரே மாதத்தில் அவன் தலையில் இறக்கியது சர்க்கார் இல்லை, நான்.