ராஜாக்கள் வளவனூரில் இருக்கிறார்கள்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் எங்கள் வீட்டு மாடி அறையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரை ரயில் ஓடுகிறது. ப்ளைவுட் மேசையின் மேல், கையகல எஞ்சினும் அதற்கேற்ற பெட்டிகளுமாகப் பழைய மீட்டர் கேஜ் பாதை. நிஜப் பாதையை அகலமாக்கிப் பல வருடங்கள் ஆகின்றன. என் மேசைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "மலை எங்க சார்? குகை வைக்கலியா?" விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் மலை கிடையாது என்று சொன்னால், ரயில் என்று அழைத்துவந்து ஏமாற்றிவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

மேசைக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். அதன் மேல் இருக்கும் எதுவானாலும் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில், மார்கழி மாதத்தின் பிற்பாதியில் கண்ணில் படக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே வளவனூர் வயல்கள் பச்சையாக இருக்கக் கூடாது. கதிர் முற்றிய மஞ்சள். வில்லியனூர்ப் பக்கம் கரும்பு நிற்கலாம், பூத்தும் இருக்கலாம். செல்போன் கோபுரம் கூடவே கூடாது. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மச்சினன் ஒருமுறை ஆசையாகக் குட்டிக் கார் ஒன்றை வாங்கிவந்து, மூடியிருந்த லெவல் கிராஸிங் முன்னால் நிறுத்தினான். அந்த மாடல் அப்போது விற்பனைக்கே வரவில்லை என்று எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"நம்மூரு கேட்டு தொறக்கறதுக்குள்ள அந்த மாடலு வந்துடும் மாமா, நிக்கட்டும்" என்றான்.

ஒரு மழைக்காலத்தில் மேசை பாழானது. மரங்களுக்கு இலை ஒட்ட மைதாப் பசை காய்ச்சியபோது அதில் மயில்துத்தம் போட மறந்திருந்தேன். பூச்சி அரிக்காமல் இருக்க அதைத்தான் கலப்பார்கள். காற்றில் ஈரம் ஏறியதும் கரப்பான்கள் குடும்பத்தோடு வந்து இலைகளைத் தின்று தீர்த்தன. சின்னபாபுசமுத்திரம் ஸ்டேஷனைச் சுற்றி ஒரு மரம் மிச்சமில்லாமல் மொட்டை. சரி, முதலிலிருந்து செய்யலாம் என்று உட்கார்ந்தேன். கனகசெட்டிக்குளத்துச் சவுக்குத் தோப்பில் பொறுக்கிவந்த மெல்லிய குச்சிகள் மரங்களாயின. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து இலை. தேங்காய் நாரை மஞ்சள் சாயத்தில் முக்கிக் கத்தரித்து நெல் வயல். தண்டவாளத்து ஜல்லிக்குச் சாம்பல் கலந்த கோலமாவு. கோரிமேட்டிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை டீ வடிகட்டியில் சலித்துத் தரையெங்கும் தூவினேன். அன்று மாலை டீயில் கோரிமேடு மணக்கிறது என்று மனைவி சொன்னாள்.

மனைவிக்கு அப்போது வேறு கவலை. அந்த வருடம்தான் அவள் எங்கள் தெரு அன்பியத்தின் பொறுப்பாளர் ஆகியிருந்தாள். பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்து வைத்திருக்கும் குழுக்களுக்கு அன்பியம் என்று பெயர். சேர்ந்து ஜெபம் செய்வது, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது எல்லாம் உண்டு. டிசம்பர் வந்தால் மட்டும் அன்பியம் என்பது, ஏசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் அமைக்கும் குடில் போட்டி. அடுத்த தெரு அன்பியத்தின் பொறுப்பாளர் என் மனைவியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பாட்டானாலும் கோலமானாலும் தோழிதான் முதல், என் மனைவி இரண்டாவது. திருமணமான நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். குடிலிலாவது அவளை ஒருமுறை ஜெயித்துவிட வேண்டும் என்று மனைவி நவம்பரிலேயே தெருமுனையில் பந்தல் போட்டு, தாளைக் கசக்கிப் பாறை செய்து, தெர்மோகோலில் வீடுகள் வெட்டி, பெத்லகேமை எழுப்பத் தொடங்கினாள். டிசம்பர் பாதியில் காற்றும் மழையும் சேர்ந்து வந்து பெத்லகேமைக் கூழாக்கிவிட்டுப் போயின.

மறுநாள் காலை மாடிக்கு வந்தாள். மேசையை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"ஏங்க, இது கீழ போர்ட்டிகோவுக்கு எறங்குமா?"

"எதுக்கு?"

"எறங்குமா, எறங்காதா?"

"துண்டு துண்டா கழட்டலாம். எதுக்குன்னு சொல்லு."

"புதுச்சேரி ஸ்டேஷன் பெத்லகேம். கூட்ஸ் ஷெட்டு மாட்டுத் தொழுவம். மத்ததெல்லாம் அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

"ஏசு பொறந்தப்ப ஏது ரயிலு?"

"அவரு டிசம்பர் இருவத்தஞ்சுல பொறந்தாருன்னு பைபிள்ல எங்கயும் இல்ல, பின்னால வச்ச தேதின்னு வருஷா வருஷம் கேக்கு வெட்டறப்ப சொல்றது யாரு?"

"நான்தான்."

"பொறந்த தேதியே தெரியாதவருக்கு ரயிலு இருந்தா மட்டும் இன்னா தப்பு?"

இத்தனை வருடம் தேடித் தேடிப் படித்ததெல்லாம் ஒரே வாக்கியத்தில் எனக்கு எதிராகத் திரும்பியது. மேசையைப் பார்த்தபடி யோசித்தேன். குடில் இருக்கும் கடைசி நாட்கள் மார்கழியின் பிற்பாதியில்தான் வருகின்றன. வருடம்தான் கொஞ்சம் முன்பின். மாதம் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"ராஜாங்க மூணு பேரும் ஆறாம் தேதிதான் வந்து சேரணும்."

குழந்தை ஏசுவைப் பார்க்கக் காணிக்கையோடு வந்த மூன்று ராஜாக்களின் திருநாள் ஜனவரி ஆறு. இங்கே கோயிலில் அதைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். நான் ஆறாம் தேதியை விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் எல்லா வீட்டுக் குடில்களிலும் இருபத்து நான்காம் தேதி மாலையே ராஜாக்கள் வந்து வரிசையாக நிற்பார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே சீர் வந்து இறங்குவது என்ன நியாயம் என்று சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"அதுவரைக்கும் எங்க இருப்பாங்களாம்?"

"வழியில. ரயில்ல."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். நடுவர்கள் வருவதாக இருந்ததும் ஆறாம் தேதி மாலைதான். அவர்கள் கண் முன்னால் ராஜாக்கள் ரயிலில் வந்து இறங்கினால் அதைவிட என்ன வேண்டும்? "சரி" என்றாள்.

மச்சினனும் நானும் மேசையைக் கழற்றி இறக்கினோம். படிக்கட்டுத் திருப்பத்தில் வில்லியனூர்த் துண்டு கைப்பிடியில் இடித்துக் கரும்புத் தோட்டம் முழுவதையும் இழந்தது. குடில் பொம்மைகளை எடுத்து வைத்தபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. என் ஸ்டேஷன் மாஸ்டர், ஏசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் முழங்காலுக்கு வந்தார். ஆடு ஒன்று எஞ்சினை எட்டிப் பார்த்தது. நான் அளவுகோலை எடுத்துவந்து இரண்டு பேரையும் அளந்து பார்த்தேன். "சாமின்னா பெருசாதான் இருக்கும் மாமா" என்று மச்சினன் தேற்றினான். ராஜாக்கள் பெட்டிக்குள் நுழையவில்லை. ஆளுக்கொரு திறந்த சரக்கு வேகன் கொடுத்து நூலால் கட்டினோம். ஒட்டகத்துக்குத் தனி வேகன்.

இருபத்து நான்காம் தேதி ராஜாக்கள் விழுப்புரத்தை விட்டுப் புறப்பட்டார்கள். தினமும் மாலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துவேன். வேலை விட்டு வரும் பெண்கள் எங்கள் வாசல் கேட் அருகே நின்று, "அண்ணே, இன்னிக்கு எதுவரைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். மனைவியும் பெருமையாக, "ஆறாம் தேதி வந்துடுங்க, அன்னிக்குதான் எறங்கறாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பங்குக் கோயில் ஃபாதருக்கு ஏதோ வெளியூர்ப் பயணம் வந்துவிட்டது. புத்தாண்டுக்கு முன்பே ஒரு மாலை, சொல்லாமல் கொள்ளாமல் நடுவர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் ஃபாதர், இன்னொருவர் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை. குடிலை அவர் கிரேஷ் என்றுதான் சொல்வார். அவர்கள் பின்னால், சும்மா பார்க்க வந்ததுபோல, அடுத்த தெருத் தோழி.

"த்ரே பியேன்!" என்று பிரெஞ்சில் பாராட்டினார் ஆசிரியை. வயலைத் தொட்டுப் பார்த்தார். நாரா என்று கேட்டார். பிறகு தொழுவத்துப் பக்கம் குனிந்தவர் நிமிரவே இல்லை. "ராஜாங்க எங்க? கிரேஷ்ல ராஜா இல்லாம எப்படி? அதுக்குத் தனியா மார்க் இருக்கே."

"வந்துட்டு இருக்காங்க டீச்சர். வளவனூர்ல இருக்காங்க" என்றாள் மனைவி.

ஃபாதர் மேசையின் மறுகோடிக்கு நடந்து போய்ப் பார்த்தார். "ஆமா, ப்ளாட்பாரத்துலதான் நிக்கறாங்க."

"இன்னாடி, ராஜாங்கள வளவனூர்லயே எறக்கி வுட்டுட்டியா?" என்றாள் தோழி. "டிக்கெட்டு அதுவரைக்கும்தான் எடுத்தியா?"

ஆசிரியைக்கு மனசு கேட்கவில்லை. "பரவாயில்ல, இப்ப கொண்டாந்து வச்சிடுங்க. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கறோம்" என்றார்.

அதற்குள் என் கை ரயிலை ஓட்டும் குமிழுக்குப் போய்விட்டது. ஆறாம் தேதியாவது, ஏழாம் தேதியாவது. ஒரு திருகு திருகினால் ராஜாக்கள் பெத்லகேமில் இருப்பார்கள். மனைவி முதல் தடவையாக அந்தத் தோழியை ஜெயித்துவிடுவாள். திருகினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. மனைவியின் கை என் கை மேல் இறங்கியது.

"நிறுத்துங்க."

"ஜெயிக்க வேணாமா?" என்று கிசுகிசுத்தேன்.

"தெரு பூரா ஆறாம் தேதின்னு சொல்லி வச்சிருக்கேன். அன்னிக்கு வர்றவங்களுக்கு இன்னாத்த காட்டறது?" என்னிடம் மெதுவாகச் சொன்னவள், நடுவர்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "மார்க்கைக் கொறச்சிக்குங்க டீச்சர். எங்க ராஜாங்க அன்னிக்குதான் வருவாங்க. சில வூட்ல கொழந்த பொறக்கறதுக்கு முன்னாடியே சீரு வந்து எறங்கிடுது. எங்க வூட்ல அப்படி இல்ல."

எந்த வாக்கியத்துக்காக அவளிடம் வருடக்கணக்காகத் திட்டு வாங்கினேனோ, அதை அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஃபாதர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆசிரியை மார்க் போட்டார். எவ்வளவு என்று காட்டவில்லை.

புத்தாண்டுப் பூசை முடிந்ததும் முடிவைச் சொன்னார்கள். முதல் பரிசு அடுத்த தெருவுக்கு, குக்கர். எங்களுக்கு இரண்டாவது, ஹாட் பாக்ஸ். மனைவி மேடையில் சிரித்துக்கொண்டே வாங்கினாள். வீட்டுக்கு வந்து அதை அட்டைப் பெட்டியோடு அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். அன்று எங்கள் வீட்டில் ரயில் ஓடவில்லை.

ஆறாம் தேதி மாலை போர்ட்டிகோ கொள்ளவில்லை. தெருப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் கால் நுனியில் நின்று எட்டிப் பார்த்தபடி தோழியும் இருந்தாள். குமிழை மனைவியிடம் கொடுத்துவிட்டு நான் தள்ளி நின்றேன். வண்டி வில்லியனூரைத் தாண்டியது. தோழி ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் ஒரு தபா ஓட்டட்டுமா?"

மனைவி வண்டியை நிறுத்தினாள். அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

தோழி உட்கார்ந்து ஒரே திருகாகத் திருகினாள். நடு ராஜா சாய்ந்தார்.

"மெதுவாடி! ஒட்டகம் இருக்கு."

"தெரியும்டி."

வண்டி தட்டுத் தடுமாறிப் பெத்லகேமுக்கு வந்து நின்றது. ராஜாக்களின் வேகன்கள் மூன்றும் ப்ளாட்பாரத்தை ஒட்டி நின்றன. ஒட்டகத்தின் வேகன் மட்டும் இன்னும் வெளியே. எல்லோரும் கைதட்டினார்கள். தோழி விரலை நீட்டி ஒட்டகத்து வேகனை உள்ளே தள்ளப் போனாள்.

"கையால தள்ளக் கூடாது" என்றாள் மனைவி. "பின்னால போய்ட்டு ஒழுங்கா மறுபடி வா."

தோழி விரலை இழுத்துக்கொண்டாள். வண்டியைப் பின்னால் எடுத்தாள்.