முளை வீட்டில் எரிந்த வெளிச்சம்

சாக்கின் வாயை வசந்தகுமார் விரித்துப் பிடித்திருந்தான். அவன் அம்மா பூமயில் குண்டு மிளகாயை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அமுக்கினாள். ஒவ்வொரு தடவை கை உள்ளே போகும்போதும் அவள் கட்டியிருந்த வாட்ச் சாக்குக்குள் பச்சையாக எரிந்து அடங்கியது.

“பாத்தியா? சாக்குக்குள்ள எரியுது. சாயங்காலம் வரப்புல நின்னு மணி பாக்கலாம்னா எரிய மாட்டேங்குது. எனக்குன்னு பொறுக்கி வாங்குனியாலே?”

“ஆட்டோல இருக்கும்மா. இருட்டுன்னா அதுவா எரியும்.”

“சாக்குக்குள்ள எனக்கு எதுக்கு லைட்டு? மிளகாய எண்ணவா? அமத்தி விடு.”

“கையெல்லாம் காரமா இருக்கு. கழுவிட்டுப் பாக்குறேன்.”

கழுவினான். ஈரம் துடைக்கும்போதே கமுதி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். சித்திரையில வாரேன் என்று ஓடிக்கொண்டே சொன்னான். சித்திரையில் அவன் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த கடைசி வேலை, பங்குனிக் கடைசியில் கட்டிய அந்த மூன்று சாக்குதான்.

பூமயில் பிறந்தது திருவாடானைப் பக்கம். பத்தொன்பது வயதில் அபிராமத்துக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் உள்ள இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். ஒன்றரை ஏக்கர் கரிசல். மழை பெய்தால் சொந்தக் காட்டில் மிளகாய், பெய்யாவிட்டால் அடுத்தவர் காட்டில் கூலி. புருஷன் முத்துகிருஷ்ணன் மஞ்சள் காமாலையில் போனபோது வசந்தகுமார் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போன் செய்தான். “வந்து? எனக்குச் சோறாக்கிப் போடப் போறியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அவன் படித்து முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். கைக்கடிகாரத் திரைகளைச் சோதிக்கும் வேலை. இருட்டறையில் ஓர் இயந்திரக் கை வாட்சைக் கட்டிக்கொண்டு திரும்பும். திரும்பினால் திரை எரிய வேண்டும். எரிந்தால் தேறியது என்று குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு வாட்ச்.

போன ஐப்பசியில் களத்தில் பூமயிலுக்கு மயக்கம் வந்தது. நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புகிறது, மாத்திரையைச் சாப்பிடுங்கள், துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். ஊழியர் விலையில் வசந்தகுமார் ஒரு ஸ்போர்ட்ஸ் வாட்ச் வாங்கி வந்து அவளுக்குக் கட்டிவிட்டான். ஓட்டக்காரர்கள் கட்டுவது. அவள் போன் வழியாக அது அவனுடைய போனுக்கு எல்லாவற்றையும் அனுப்பும். அதுவரை பூமயில் கையில் கடிகாரம் கட்டியதே இல்லை. பஸ் ஹாரன்தான் அவளுக்கு மணி.

“எந்நேரமும் எம்மகன் என் நாடியப் புடிச்சுக்கிட்டே இருக்கான்” என்று களையெடுக்கும் இடத்தில் கையை நீட்டிக் காட்டுவாளாம். “எட்டாயிரம் அடி நடந்திருக்கேன்னு சொல்லுது. உக்காந்துக்கிட்டே களையெடுத்தத மட்டும் கணக்குல சேக்க மாட்டேங்குது. மேஸ்திரி மாதிரி.”

ஊரில் பூமயிலுக்கு என்று ஒரு பெயர் இருந்ததென்றால், அது முளைப்பாரியால் வந்தது. வைகாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் முளை வீட்டில் விதை முத்துப் பரப்புவார்கள். வீட்டுக்கு ஒரு மண் ஓடு என்று வைத்து, அதில் எருவும் வைக்கோலும் நிரப்பி, பயறும் சோளமும் மொச்சையும் தூவி, அறையைச் சாத்திவிடுவார்கள். வெளிச்சம் படக் கூடாது. முளை இருட்டிலேயே வெளிறி, முழ உயரத்துக்கு வளர வேண்டும். ஒன்பதாம் நாள் தலையில் சுமந்து போய் ஊரணியில் கரைப்பார்கள். அதுவரை காலையிலும் சாயங்காலமும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்க ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் உரிமை. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பெண் பூமயில். ஐம்பத்து நாலு ஓட்டையும் இருட்டில் விரலால் தடவியே எது யார் வீட்டு ஓடு என்று சொல்வாள். முளை நன்றாக வளர்ந்தால் ஊர் நன்றாக இருக்கும். படுத்துவிட்டால் வளர்த்தவளைத்தான் கேட்பார்கள்.

இந்த வைகாசியில் முதல் நாள் சாயங்காலமே வாட்ச் எரிந்தது. தண்ணீர் தெளிக்க மணிக்கட்டைத் திருப்பினாள், எரிந்தது. மறு ஓட்டுக்குப் போனாள், மறுபடி எரிந்தது. உடனே வெளியே வந்து அதைக் கழற்றிக் கதவு நிலையில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு வேளையும் அப்படியே செய்தாள்.

மூன்றாம் நாள் வசந்தகுமார் தொழிற்சாலை கேன்டீனில் நின்றபடி போன் செய்தான்.

“வாட்ச் எங்க?”

“கையிலதான்லே கெடக்கு.”

“பொய் சொல்லாத. காலையில அர மணி நேரம் கையில இல்ல. சாயங்காலம் நாப்பது நிமிசம் இல்ல. எனக்கு இங்கன தெரியுது.”

“முளை வீட்டுக்குள்ள போறப்ப மட்டும் கழட்டுறேன்ப்பா. லைட்டு எரியுது. அத அமத்த ஒரு வழி சொல்லேன்.”

“மேல இருக்குற பொத்தான அமுக்கு. என்ன வருது?”

“இங்கிலீசு.”

“கீழ உள்ளத ரெண்டு தரம்.”

“அதுவும் இங்கிலீசுதான்.”

சாப்பாட்டு வரிசை நகர்ந்தது. பின்னால் நின்றவன் தட்டால் அவன் முதுகைத் தட்டினான். “இங்க பாரு. எட்டு செகண்டு எரியுற லைட்டுல எந்த முளையும் செத்துறாது. நான் படிச்சவன் சொல்றேன். கழட்டி ஆணியில மாட்டவா உனக்கு வாங்கிக் குடுத்தேன்?”



“சரிப்பா. கழட்டல.”

நாலாம் நாளிலிருந்து அவன் போனில் இடைவெளி இல்லை. துடிப்புக் கோடு காலையிலிருந்து காலைவரை ஓடியது. சொன்னால் கேட்டுக்கொள்கிறாள் என்று வசந்தகுமாருக்குச் சந்தோஷமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முளை கரைத்தார்கள். புதன் காப்பு அவிழ்த்தார்கள். வியாழன் காலை ஆறரை மணிக்கு வரப்பில் ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தூக்க ஆள் வருவதற்குள் போய்விட்டாள்.

யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். வசந்தகுமார் அதை நம்பினான். சாவு விஷயத்தில் அவனுக்குத் துக்கம் மட்டும்தான் இருந்தது. மற்றது பந்தலில் அவன் காதில் விழுந்தது. தண்ணீர் பிடிக்க வந்த இரண்டு பெண்கள் குடத்தை மாற்றிக்கொண்டே பேசினார்கள்.

“முளை வீட்டுல டார்ச்சு அடிச்சா சும்மா விடுமா?”

“மெதுவாப் பேசு. மகன் இருக்கான்.”

என்ன டார்ச் என்று வெள்ளையம்மாளைக் கேட்டான். அவள் முத்துகிருஷ்ணனுக்குப் பெரியப்பா மகள், இவனுக்கு அத்தை முறை. பூமயிலை மயினி என்று கூப்பிடுவாள், அவளோடு ஒரே காட்டில் வேலை செய்தவள்.

“அஞ்சாம் நாளு நாங்க வெளிய கும்மி அடிச்சுக்கிட்டு நிக்கிறோம், மருமகனே. கதவு இடுக்குல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. நிக்கிது, மறுபடி எரியுது. ஆறேழு தரம். கும்மிய நிறுத்திட்டோம். மயினி வெளிய வந்ததும் என்னன்னு கேட்டோம். கண்ணு மங்கிப்போச்சு, நான்தான் டார்ச்சு அடிச்சேன்னா. ஒம்பதாம் நாளு வெளிய எடுத்துப் பாத்தா ரெண்டு ஓடு படுத்துக் கெடக்கு. அடுத்த வருசம் வேற ஆளு பரப்பட்டும்னு பெரியாளுக சொல்லிட்டாக. சரின்னு தலைய ஆட்டுனா.”

வசந்தகுமார் வீட்டுக்குள் போனான். அம்மாவின் சேலைப் பெட்டியில் ஒரு கறுப்புத் துணி கிடைத்தது. பழைய ரவிக்கையில் வெட்டியது. வாட்ச் அளவுக்கு மடித்துத் தைத்து, கொக்கி வைத்து, உள்ளே இரண்டாம் மடிப்பும் கொடுத்திருந்தாள். வாட்சின் மேல் போட்டுப் பார்த்தான். வெளிச்சத்தை அளக்கும் சென்சார் மூடியது. பகலிலேயே வாட்ச் இருட்டென்று எண்ணிக்கொண்டு, திருப்பின போதெல்லாம் எரிந்தது. துணியை நனைத்துப் பார்த்தான். கனத்துக் கீழே சரிந்தது. தண்ணீர் தெளிக்கிற கையில் அது எத்தனை நேரம் நின்றிருக்கும் என்று கணக்குப் போட அவனுக்குத் தெரியும். போட்டான். இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது.

அன்றைக்கே பந்தலில் சொல்லியிருக்கலாம். டார்ச் இல்லை, என் வாட்ச் என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் கழற்றவில்லை என்று கேட்பார்கள். கேன்டீனில் நின்று பேசியதைச் சொல்ல வேண்டும். மொட்டைத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான். பதினைந்து நாள் அப்படியே போனது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தான்.

பதினாறாம் நாள், சாப்பிட்டு இலை எடுத்தபின், முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் முன்னால் போய் நின்றான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பந்தலில் பேசிய இருவரும் இருந்தார்கள்.

“அம்மா டார்ச்சு அடிக்கல. நான் வாங்கிக் குடுத்த வாட்சுல லைட்டு தானா எரிஞ்சது. அம்மா கழட்டித்தான் வச்சிருந்தாங்க. நான்தான் கழட்டக் கூடாதுன்னுட்டேன். தப்பு என்னோடது.”

யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஒருத்தி வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். வெள்ளையம்மாள் சுண்ணாம்பு டப்பாவை மூடினாள்.

“டார்ச்சு வெளிச்சம் பச்சையாவா இருக்கும், மருமகனே? எங்களுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?”

“தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். மயினி டார்ச்சுன்னா. நாங்களும் டார்ச்சுன்னு வச்சுக்கிட்டோம். மகன் வாங்கிக் குடுத்தது முளையக் கெடுத்துருச்சுன்னு ஊருல ஒரு பேச்சு வரக் கூடாதுன்னு நெனச்சிருக்கா. அவ மூடி வச்சத நாங்க எதுக்குத் தொறக்கணும்?”

“நான் திட்டுனேன் அத்தை. அதுனாலதான் கழட்டல.”

“அதுவும் தெரியும்யா. அவ என்னைக்குப் போனக் காதுல வச்சுப் பேசிருக்கா? ஸ்பீக்கருலதான. முளை வீட்டு வாசல்ல நாங்க பத்துப் பேரு நின்னோம். கழட்டி ஆணியில மாட்டவா வாங்கிக் குடுத்தேன்னு நீ கேட்டப்ப, எங்க மூஞ்சிய அவ பாக்கல.”

வசந்தகுமார் தலையில் இருந்த துண்டை எடுத்தான். பிறகு எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி போட்டான். பதினைந்து நாளாகத் தன்னிடம் மட்டும் இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்ததை வைத்துக்கொண்டுதான் இந்த ஊர் அவனுக்குச் சோறு போட்டது, எண்ணெய் வைத்தது, அழுதது.

“அப்ப அடுத்த வருசம் வேற ஆளுன்னு சொன்னது?”

“அது வேற. எதுல எரிஞ்சா என்ன, வெளிச்சம் வெளிச்சந்தான்” என்றாள் வெள்ளையம்மாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “நான்கூடச் சொன்னேன், தாஹா கிட்டக் கொண்டு போய்க் குடுத்து அமத்திட்டு வான்னு. காப்புக் கட்டிட்டு ஊர் எல்லையத் தாண்ட முடியாதுல்ல. அங்கன போன் போட்டுக் கேட்டா. கொண்டாங்கம்மா, அஞ்சு நிமிச வேலைன்னானாம். காப்பு அவுத்ததும் போறேன்னா.”

“காப்பு அவுத்த பிறகு எதுக்கு? முளைதான் கரைச்சாச்சே.”

“நீ சித்திரையில வரல. ஆடியில வருவேன்னுட்டு இருந்தா. அதுக்குள்ள சரி பண்ணி வச்சுட்டா, இதப் பத்தி உங்கிட்டப் பேச்செடுக்க வேண்டாம்லன்னா.”

தாஹா அபிராமத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவர் அஞ்சு நிமிஷம் என்றது வசந்தகுமாருக்கு இருபது விநாடி வேலை. மேல் பொத்தான், கீழ்ப் பொத்தான் இரண்டு தரம், மறுபடி மேல். தொழிற்சாலையில் கண்ணை மூடிக்கொண்டு செய்வான்.

எல்லோரும் போனபிறகு வீட்டுக்குள் வந்தான். அடுப்படிச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. சாவு வீட்டில் யாருக்கும் தாள் கிழிக்கத் தோன்றவில்லை. புதன் காலையில் அவள் கிழித்த செவ்வாய்த் தாள்தான் கடைசி. மேலே இருந்த புதனைப் புரட்டினான். வியாழன் தாளில், ராகு காலத்துக்குக் கீழே, பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தாள்:

‘9 மணி பஸ். அபிராமம். தாஹா கடை. வாட்சு லைட்டு அமத்த.’