இரண்டு சோடி காலுறை

அப்பாவின் தகரப் பெட்டியில் இன்னும் ஒரு சோடி நீலக் காலுறை கிடக்கிறது. எனக்கு எட்டு வயதில், நோர்வூட் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வாங்கியது. "கால் குளுருதுப்பா" என்று நான் நச்சரித்ததால் ஒன்றுக்கு இரண்டு சோடியாக வாங்கி வந்தார். காலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் அடுப்போரம் சூடுகாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக எனக்கு மாட்டிவிடுவார். அப்புறம் சப்பாத்துக்குள் கால் நுழையாது. வகுப்பில் எனக்கு யானைக்கால் என்று பேர்.

தலைவலி இருந்தது; மூக்கில் இரத்தமும் வரும். பள்ளிக்கூட ஏற்றத்தில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஆனால் எங்கள் மலையில் யாருக்குத்தான் கால் குளிரவில்லை? மூக்கு இரத்தம் நிற்காத ஒரு காலையில்தான் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கையில் பட்டி கட்டி பிரஷர் பார்த்த டாக்டர், மெஷின் பழுதென்று நினைத்து வேறொன்று கொண்டுவரச் சொன்னார். அதிலும் பெரியவர்களுக்கே ஆகாத அளவுதான். அவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, தாதி எங்களிடம், "மேஸைக் கழட்டுங்க, கால்லயும் பாக்கணுமாம்" என்றார்.

"புள்ளைக்குக் குளுரும்ங்க மிஸ்ஸி" என்று அப்பா என் பாதங்களைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு அவரே காலுறைகளைக் கழற்றினார். டாக்டர் பாதத்தில் விரல் வைத்து வெகுநேரம் தேடினார். நாடி அகப்படவில்லை.

இதயத்திலிருந்து இறங்கும் பெருங்குழாய் பிறவியிலேயே ஓரிடத்தில் இறுகியிருந்தது. காலுக்கு இரத்தம் போதவில்லை. மேலே அழுத்தம் ஏறி, குழாய் புடைத்து, எப்போது வெடிக்குமோ என்றிருந்தது. கொழும்பில் ஒப்பரேஷன் முடியும்வரை அப்பா எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொன்னாராம்: "கால் குளுருதுன்னு புள்ள வாய்விட்டுச் சொன்னிச்சி. நான்தான் மேஸ மாட்டி மூடி வச்சிட்டேன்."

கண் விழித்தபோது அவர் கால்மாட்டில் நின்று என் பாதத்தைப் பிடித்திருந்தார். "சூடு வந்திருச்சும்மா" என்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான். குளிர்ந்த காலுக்குத் துணி தேடியவர்மேல் எனக்கு என்ன குறை? அதைச் சொன்னால் இன்றும் ஏற்கமாட்டார். பிடிவாதக்காரர்.

இப்போது நான் மாத்திரையும் கையுமாகப் பள்ளிக்கூடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கால் குளிர்கிறது. அந்த நீலச் சோடியை எறிந்துவிடலாம் என்றால் முறைக்கிறார். காலையில் நான் கிளம்புமுன், புதிதாக வாங்கிய பழுப்புக் காலுறையை அவருக்கு மாட்டிவிட வேண்டும். காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். நான் பாதத்தில் விரல் வைத்து நாடி பார்ப்பேன்.

"ஓடுதாம்மா?"

"ஓடுதுப்பா."

அதற்குப் பிறகுதான் மாட்டவிடுவார்.