கதவை உடைக்கும் காதல் பாட்டு

பிரான்சில் வேலைநிறுத்தம் என்றால் முதலில் அடுப்பு வந்துவிடுகிறது. இன்று காலை எங்கள் தொழிற்சாலை வாசலில் கரியைக் கொட்டி, மெர்கேஸ் என்கிற காரமான இறைச்சிக் குழல்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்ச்சாரியில் போலீஸ்காரர்கள் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் வயிறு காயும், இங்கே நிறைகிறது. நல்ல கூத்துதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் அந்தப் பழைய ராக் பாட்டைப் போட்டார்கள். எல்லோரும் கூடச் சேர்ந்து பாடினார்கள். எனக்கு மட்டும் கண் தானாகப் போலீஸ்காரர்கள் பக்கம் போனது.

அதை நான் முதலில் கேட்டது புதுச்சேரியில், எமர்ஜென்சி காலத்தில். அப்போது சாரம் என்கிற பகுதியில் என் வீட்டிலேயே பிரெஞ்சு ட்யூஷன் எடுத்துவந்தேன். கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் சவரி ஒரு மில் தொழிலாளி. அவனுடைய அத்தான் பிரான்சிலிருந்து அனுப்பிய இசைத்தட்டைக் கொண்டுவந்து பொருள் கேட்டான். பத்ரோன், அதாவது முதலாளி, மாடியில் தூங்குகிறான், சாவி அவன் தலையணைக்கடியில் இருக்கிறது, வாருங்கள், கதவை உடைப்போம் என்று பாட்டு போகிறது. சொன்னேன். மறுநாளே மைக்செட் வைத்து மில் வாசலில் அதை அலறவிட்டுவிட்டான். யாரும் வாயைத் திறக்கக்கூடாத காலம் அது. மாலைக்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாட்டுக்குப் பொருள் சொல்ல என்னையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள்.

சவரி வெறும் ஜட்டியோடு சுவரோரம் குந்தியிருந்தான். என்னைத் தெரிந்தவன் போலவே காட்டிக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போட்டார்.

"இன்னா பாட்டு வாத்தியாரே இது? கட்சிப் பாட்டுன்னா இவன் உள்ள போயிடுவான். எப்ப வெளிய வருவான்னு எனக்கே தெரியாது. தமிழ்ல எழுதிக் குடுங்க."

பெண்ணைப் பெற்றவர் மாடியில் தூங்குகிறார், சாவி அவர் தலையணைக்கடியில் இருக்கிறது, காதலன் வந்து கதவை உடைக்கப் போகிறான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே சவரியை விட்டுவிட்டார்கள். வேறு ஊராக இருந்தால் அந்தப் பொய் அதோடு முடிந்திருக்கும். புதுச்சேரியில் தடுக்கி விழுந்தால் ஒரு சொல்தா மேல்தான் விழவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற, பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் நம்பியதோடு நிற்காமல் பாட்டை ரசிக்கவும் தொடங்கிவிட்டார். தன் மகள் கல்யாண வரவேற்பில் அதைத்தான் போடவேண்டும், சவரியேதான் போடவேண்டும், நான் முன்வரிசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஏது வாய்? "பொண்ண பூட்டி வெச்ச அப்பன் நான்தான்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பின்வரிசையில் கோட்டில் மெடல் குத்திய ஒரு சொல்தா வந்து உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் காதருகே கையை வைத்துக் கேட்டார். கதவை உடைக்கிற இடம் வந்தபோது மைக்செட்டுக்குப் பக்கத்தில் நின்ற சவரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு எப்படி என்று இன்ஸ்பெக்டர் அவரிடமே போய்க் கேட்டார்.

"நல்லாதான் பாடறான். இவ்ளோ கேட்டப்பறம் பொண்ண குடுக்காம இருக்க முடியுமா?" என்றார் பெரியவர், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதன்பிறகு யாரிடம் எந்தப் பிரெஞ்சுக் காகிதம் பிடிபட்டாலும் ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. எல்லாவற்றையும் காதலாகவே எழுதிக்கொடுக்க முடியுமா? சமையல் குறிப்பு என்றேன், ஜெபம் என்றேன், ஒவ்வொரு பொய்யையும் ஞாபகம் வைத்துக்கொண்டு பயந்தேன். தெருவில் என்னைக் கண்டால் மில்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சவரிகூடப் பாடகர் குழுவில் ஓர் ஆள் தள்ளி நின்றான். அதுதான் என்னைச் சுட்டது. எமர்ஜென்சி முடிந்தும் அவன் கிட்டே வந்து நிற்கவில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தபோது, பெண்ணின் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சம்மதித்து, பிரான்சுக்கு விமானம் ஏறியவன் நான்.

இன்று காலை, பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்யும் ழில், இந்தப் பாட்டு உனக்குத் தெரியுமா என்று கேட்டான். எங்கள் ஊரில் ஒரு போலீஸ் அதிகாரி வீட்டுக் கல்யாணத்தில் போட்டார்கள் என்றேன். அவனுக்குப் புல்லரித்துவிட்டது. போலீஸே புரட்சிப் பாட்டுப் போடுகிற நாட்டிலிருந்து வந்த தோழர் இவர் என்று கூட்டத்துக்கு அறிவித்து, மைக்கை என் கையில் திணித்தான். பாட்டின் பொருளை உன் மொழியில் சொல் என்றான். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இப்போதாவது உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம், தடுக்க யாருமில்லை. போலீஸ்காரர்களைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் தமிழில் முதலாளி வரவேயில்லை. இன்னமும் பெண்ணைப் பெற்றவர்தான் மாடியில் தூங்குகிறார்.