கடைசி இரண்டு வரிசைகள்

அண்ணன் அந்தக் காரைக் கொண்டுவந்த நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அப்பா சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டார். அவர் சாப்பிடாமல் அம்மா சாப்பிட மாட்டாள். நானும் அண்ணனும் இரும்புலியூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது.

பல்லாவரத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து இறக்கி, ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் போட்டுவைத்திருந்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். கதவு இரண்டுதான். இஞ்சின் பழுதில்லை. அதை நடத்துகிற கம்ப்யூட்டர்தான் செத்திருந்தது. எலிகள் வயர்களைக் கடித்துக் குதறியிருந்தன, மழைத்தண்ணீர் பெட்டிக்குள் இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் அப்பா எழுந்து பல் தேய்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். "இந்த இஞ்சின் கீற வரிக்கும் ஓட்டிக்கோ. இது போச்சின்னா அப்பாலிக்கு ரேஸ் கீஸுன்னு வாயத் தொறக்காத. நெலத்தப் பாத்துகினு கெட."

எங்கள் வயல்களில் அப்போதே கல் நட்டு மனை பிரித்தாயிற்று. நிலத்தைப் பார்ப்பது என்றால், மனை வாங்க வருகிறவர்களுக்குக் குடை பிடித்து மூலைக்கு மூலை காட்டுவது. அண்ணனுக்கு அதைவிட ஜெயில் தேவலை. முப்பத்தொரு வயது வரைக்கும் அடுத்தவர்களுடைய ஓட்டைக் கார்களைத்தான் ரேஸில் ஓட்டியிருந்தான். சொந்தமாக ஒன்று கிடைத்தது இப்போதுதான். அதே மாதிரி இன்னொரு இஞ்சின் நம் நாட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு சானடோரியம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். துபாயில் இருந்த அண்ணனின் சிநேகிதன் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தான். எந்த இஞ்சினுக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று வெளிநாட்டில் தனியாக விற்கிற சாமான் அது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். அண்ணன் அதை என் மடியில் வைத்து, "வயருன்னா நீதான் பாப்பா. பாத்துக்கோ" என்றான். கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்கிற மாதிரி. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

பழைய வயர்களை முழுதாக உருவி எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்திரி சுற்றி அதன்மேல் பேனாவால் எண் போட்டேன். ஞாயிறு ஞாயிறாகக் காருக்குள் தலைகீழாகக் கிடந்தேன். அம்மா அதைப் பார்த்து, "கண்ணாலத்துக்கு நிக்கிற பொண்ணு" என்று அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரி முனகுவாள். மூன்று வாரம் இஞ்சின் கிளம்பவே இல்லை. நான்காவது வாரம் இரண்டு வயர் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்தேன். மாற்றினதும் ஒரே திருகலில் உறுமிக்கொண்டு எழுந்தது. அண்ணன் அழுதான். நான் அழவில்லை, முழங்கை வலித்தது.

கிளம்பினால் மட்டும் போதாது. இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்த நேரத்தில் நெருப்புப்பொறி, இந்த இரண்டையும் அந்தக் கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். ஒரு பழைய லேப்டாப்பைச் சொருகினால் திரையில் கட்டங்கள் வரும். இஞ்சின் வேகம் ஏற ஏற இடமிருந்து வலமாக வரிசைகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அதைத் தயாரித்தவர்கள் போட்டிருந்த எண்கள் குளிர் தேசத்துக்கும் நல்ல பெட்ரோலுக்கும் உரியவை. நம் பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் பொறி அவ்வளவு சீக்கிரம் விழுந்தால் இஞ்சினுக்குள் டகடகவென்று கேட்கும், டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கின மாதிரி. அந்தச் சத்தத்தோடு தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் உருகிவிடும்.

வேலை பாதியில் இருக்கும்போதே வைகாசியில் எனக்குக் கல்யாணம் நடந்தது. குன்றத்தூர், மலையடிவாரத்தில் வீடு. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன், என்னைக் கேட்காமலே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி சீர் கொண்டுவந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஆடியில் புருஷனைப் பிரிய வேண்டுமே என்று புதுப்பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். நான் பெட்டியை ஒரு வாரத்துக்கு முன்பே கட்டிவைத்திருந்தேன்.

அந்த ஒரு மாதம்தான் என் வாழ்க்கையில் நான் முழுதாக உபயோகப்பட்ட மாதம். விடிந்தும் விடியாமலும் வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் சாலையில் போவோம். அப்போது அங்கே ஏரியும் பனைமரமும்தான். அண்ணன் ஓட்டுவான், நான் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களைத் திருத்துவேன். கொஞ்ச தூரம் ஒரே வேகத்தில் ஓட்டி, சட்டென்று இஞ்சினை நிறுத்தி, பொறி விழுகிற பிளக்கைக் கழற்றிப் பார்ப்போம். அதன் வெள்ளைப் பீங்கான் தேங்காய் ஓட்டு நிறத்துக்கு மாறியிருந்தால் சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தே இருந்தால் ஆபத்து. ஆடிக்காற்றில் மண் அள்ளி வீசும், பிளக் சுடும், முந்தானையால் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். எதிரே எருமைகளை ஓட்டிவருகிறவர் ஒரு நாள் நின்று, "இன்னா கண்ணு, வண்டி பேஜார் பண்ணுதா?" என்று விசாரித்தார். "ஆமாண்ணா" என்றேன்.

ஒவ்வொரு வரிசையாகப் பொறி கொஞ்சம் தாமதித்து விழும்படி ஐந்து ஆறு டிகிரி குறைத்தேன். கோலிக்குண்டுச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வரிசைகள் மட்டும் பாக்கி. அவை இஞ்சினின் உச்ச வேகம். அந்தச் சாலையில் அந்த வேகத்தைத் தொடலாம், ஆனால் அதிலேயே தொடர்ந்து ஓட்ட முடியாது. அதற்குள் ஒரு பள்ளமோ எருமையோ வந்துவிடும். அரை நிமிஷமாவது அந்த வேகத்தில் ஓட்டினால்தான் பிளக் உண்மையைச் சொல்லும். ரேஸ் டிராக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று குத்துமதிப்பாக இரண்டு டிகிரி மட்டும் குறைத்துவைத்தேன்.

ரேஸ் ஆவணிக் கடைசி ஞாயிறு. முந்தின நாள் சனிக்கிழமை பயிற்சி. "சனிக்கெழம நீ வந்துடுவல்ல? ரெண்டு ரவுண்டு அடிச்சா முடிஞ்சிது" என்றான் அண்ணன், எனக்குக் கல்யாணம் ஆனதே ஞாபகமில்லாதவன் போல. டிராக் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம். குன்றத்தூரில் எங்கள் வீட்டு வழியாகத்தான் காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வாசலில் ஏறிக்கொண்டால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

ஆவணி பிறந்து குன்றத்தூருக்குத் திரும்பினதும் என் கணவரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், எந்தத் தொல்லையும் பிடிக்காது. "எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவ ஒரு வார்த்த கேட்டுடு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மூன்று வாரம் போதவில்லை. மாமியார் அதிகம் பேசாதவர். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகாத மருமகள், ஆம்பளைகள் கூடுகிற இடத்துக்கு, கார் ரிப்பேர் பார்க்க. எப்படித் தொடங்குவது? மூன்று தடவை சமையலறைக்குள் போய் அவர் பக்கத்தில் நின்றேன். ஒரு தடவை, "குழம்புக்கு உப்பு போதுமா அத்தை?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிராக்குக்குப் போகிற வழியில் அண்ணன் காரோடு வந்தான். பயந்துகொண்டு கேட்காமல் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. இரும்புலியூரில் காருக்கு அடியில் கிடந்தவள் இங்கே உப்புக்குப் பயந்து நிற்கிறாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"நான் வரவேணாம்ண்ணா. எல்லாம் போட்டுட்டேன். சரியா இருக்கு."

"கடைசி ரெண்டு வரிசை?"

"அதும் பாத்துட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். லேப்டாப் அவன் பைக்குள்தான் இருந்தது. தெருவில் நின்ற காரில் அதைச் சொருகி, அந்த இரண்டு வரிசையிலும் இன்னும் நான்கு டிகிரி குறைத்திருந்தால் போதும். கொஞ்சம் வேகம் போயிருக்கும், இஞ்சின் பிழைத்திருக்கும். அப்படிச் செய்தால் முன்பு சொன்னது பொய் என்று ஆகிவிடும். அதனால் செய்யவில்லை. அண்ணன் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். அவன் என்னை நம்பாத நாள் ஒன்றுகூட இருந்ததில்லை.

சனிக்கிழமை பயிற்சி மழையில் கெட்டுப்போனது, யாராலும் முழு வேகத்தில் ஓட்ட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. சாயங்காலம் ஜீப்பின் பின்னால் கயிற்றில் கார் வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. அண்ணன் உள்ளே வந்து, மாமியாரிடம் நலம் விசாரித்து, காப்பி குடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தான்.

"பிஸ்டன்ல ஓட்ட வுழுந்துடுச்சி பாப்பா."

"எங்க?"

"நேர் ரோட்டுலதான். ஃபுல்லா மெதிச்சிகினு போறேன். மூணாவதா போய்கினு இருந்தேன், தெரியுமா?" குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "பெட்ரோல்ல கலப்படம். அந்த பங்க்காரன் கெரசின் கலந்துகீறான்."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். "இருக்கும்" என்று வந்தது.

மறுநாள் அண்ணன் அந்தப் பெட்ரோல் பங்க்குக்குப் போய், சின்ன வயதிலிருந்து சிநேகிதனான அந்தப் பங்க்காரனைப் பத்துப் பேர் முன்னால் சட்டையைப் பிடித்து அடித்தான். அம்மா சொல்லித்தான் தெரியும். அடி வாங்கியவன் எதற்கு என்றே தெரியாமல் நின்றானாம். இரண்டும் என் கணக்கில்தான் சேரும், அவன் வாங்கிய அடியும் அண்ணன் இழந்த சிநேகமும். அப்பா ஒரு குடையை எடுத்து வாசலில் வைத்தார். அண்ணன் அதை எடுத்துக்கொண்டு மனைகளைக் காட்டப் போனான்.

நான்கைந்து வருஷம் கழித்து ஒரு நாள் நானும் மாமியாரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். கூடத்து டிவியில் ஏதோ கார் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. "ஒங்கண்ணன் ஏம்மா கார் ஓட்டுறத விட்டுட்டாரு?" என்று கேட்டார். அதுவரை யாரிடமும் சொல்லாததை, ஏனோ தெரியவில்லை, அவரிடம் முழுதாகச் சொன்னேன். உப்பு கேட்டதைக்கூடச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"இத ஒரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனேம்மா. நானும் கூட வந்திருப்பேன். இங்கதான் கார் ரேஸ் நடக்குதுன்றாங்க, எப்டி இருக்கும்னு ஒரு நாளாவது பாக்கணும்னு எனக்கும் ஆசதான்."

எனக்கு முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. இதை அன்றைக்கே முகத்தில் காட்டியிருக்கக் கூடாதா என்று. பிறகு அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எழுந்துபோய்க் கீரையை அலசினேன். தண்ணீர் தெளிந்த பிறகும் அலசிக்கொண்டே இருந்தேன்.