அப்பா என்ற பெயரில் ஒரு ஜெராக்ஸ் கடை

லிப்ட்காரரின் போனில் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுஷன் சண்டைக்கு வந்துவிடுவார். ஒரு கட்டடத்தில் நான்காவது மாடியில் லிப்ட் கதவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்து நழுவி, லிப்ட் ஓடும் குழிக்குள் விழுந்து, அடியில் இருந்த எண்ணெய்ச் சேற்றில் இரவு முழுக்கக் கிடந்த போன் அது. மறுநாள் எடுத்துத் துடைத்து அழுத்தினால் எரிந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. போனில் எல்லாம் இருந்தது. அதற்குள் போட்டுக்கொள்ளத்தான் எதுவும் இல்லை.

உலகத்தில் எல்லோரும் இரண்டு விதமான போன்களில் ஏதோ ஒன்றை வைத்திருக்கிறார்கள். இவருடையது மூன்றாவது விதம். திரை முழுக்கக் கலர் கலராகக் கட்டங்கள் இருக்கும். பெரிய ஆரவாரத்தோடு அதைக் கொண்டுவந்தவர்கள் சில வருடங்களில் சத்தமில்லாமல் கைகழுவிவிட்டார்கள். அதன் ஆப் கடை அன்றிலிருந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பேங்க் ஆப் வேண்டும் என்று தேடினால் டார்ச் லைட் ஆப் காட்டும். பஸ் டிக்கெட் என்று தேடினாலும் டார்ச் லைட்தான். எதைக் கேட்டாலும் விளக்கடிக்கத் தயாராக இருந்த கடை அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்த கையோடு அவர் அந்தக் கடையைத் திறந்து ஒரே ஒரு ஆப்பைத் தேடுவார். வீட்டார் எல்லோரும் குழுவாகப் பேசிக்கொள்கிற, முகம் பார்த்துப் பேச வசதி உள்ள ஆப். முன்பு அது அவர் போனிலும் வேலை செய்தது. பிறகு ஒருநாள், இனி இந்த வகைப் போன்களில் இயங்காது என்று அறிவிப்பு வந்தது. வந்தால் என்ன, மனசு மாறித் திரும்ப விடுவார்கள் என்று இவர் நம்பினார். இந்த மாதிரி நம்பிக்கைக்கு மருந்து கிடையாது.

வேறு போன் வாங்கித் தொலைய வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அதில்தான் சிக்கல். அந்தப் போனைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்ததே அவர்தான். புதிதாக வந்த காலத்தில் மனைவி, மகள், மச்சினன், இரண்டு ஒன்றுவிட்ட அண்ணன்மார் என்று ஒருவர் விடாமல் பிடித்து உட்கார வைத்து, மெஷின் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்து, எல்லோர் தலையிலும் கட்டினார். மாட்டேன் என்ற மச்சினனைக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனார். ஆப் ஒவ்வொன்றாக நின்றபோது அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மச்சினன் மாறிய அன்று, "மாமா, உங்க கட்டத்தை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சிரித்தான். அவன் மாறியதை அவர் பொறுத்துக்கொண்டார். மனைவி மாறியதுதான் அவருக்குக் கசந்தது. மகள் வெளிநாட்டில் இருந்தாள்.

"எனக்கு என் பொண்ணு முகத்தைப் பார்க்கணும்ங்க. உங்க கட்டத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார முடியாது" என்றாள் மனைவி.

பதில் இல்லாதபோது வீம்பு பிடிக்கிற ஆள் அவர். வேலையிலும் அப்படித்தான். லிப்ட் கம்பெனி புகார்களுக்கென்று ஓர் ஆப் கொண்டுவந்தது. எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் மெக்கானிக்குகளின் போனில் மணி அடிக்கும். இவர் போனில் அடிக்காது. அலுவலகத்தில் புகார் எழுதும் பெண்மணி இவருக்கு மட்டும் தனியாகப் போன் போட்டு, "உங்க ஒருத்தருக்காக நான் வாயால பேச வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டே விலாசம் சொல்வாள். மற்ற மெக்கானிக்குகள் மொட்டைமாடி மெஷின் அறையில் இருந்தபடியே ஒருவருக்கொருவர் படம் அனுப்பிச் சந்தேகம் கேட்டுக்கொண்டபோது, இவர் ரிலேயோடும் பிரேக்கோடும் தனியாக மல்லுக்கட்டினார்.

மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மனைவி கிளம்பினாள். பிள்ளை பிறந்து கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. லிப்ட்காரருக்கு அவ்வளவு நாள் லீவு கிடைக்காது. விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோதுதான், அந்த வீட்டில் இதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது யார் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவள் பேசுவாள், இவர் "ம்" கொட்டுவார். இப்போது "ம்" கொட்டவும் எதுவும் இல்லை.

அவள் வருடக்கணக்காகச் சொல்லி அலுத்துப்போன வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை மாற்றினார். அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்த அலமாரித் தட்டைக் கழற்றிக் கீழே இறக்கிப் பொருத்தினார். கிறீச்சிட்ட குளியலறைக் கதவுக்கு, லிப்ட் கதவுக்குப் போடும் கிரீஸையே போட்டார். அவளிடம் எதையும் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தார். அவள் ஊரில் இருந்தபோதே செய்திருந்தால் என்னவாம் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் அதற்கும் "ம்" என்பார்.

சரி, பேசிக்கொள்வது எப்படி? வெளிநாட்டுக்குச் சாதாரணமாகப் போன் போட்டால் காசு பறக்கும். அதனால் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். லிப்ட்காரர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் நல்ல மனிதர், லிப்ட்காரரைவிடச் சில வயது சின்னவர், அண்ணே அண்ணே என்று பழகுகிறவர். அவருடைய கடை நம்பரைக் குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டாள். சேர்த்தபோது தன் போனில் அந்த நம்பருக்கு "அப்பா" என்று பெயர் போட்டாள். அவளைப் பார்த்து எல்லோரும் அப்படியே மாற்றிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அப்பா என்றால் ஜெராக்ஸ் கடை.

செய்திகள் பகலில் வரும். கடையில் கூட்டம் இருக்கும். பார்த்ததற்கு ஏதாவது அடையாளம் போடாவிட்டால், "அப்பா பார்த்தாரா?" என்று மகள் உடனே அழைப்பாள். அதனால் எது வந்தாலும் கடைக்காரர் ஒரு கட்டைவிரல் படத்தை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்பார். அதை அப்பாவே அழுத்துகிறார் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வரும் லிப்ட்காரர் கவுன்ட்டரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் படிப்பார். பேத்தி பிறந்தபோது படங்களைக் கலரில் பிரின்ட் போட்டு வாங்கிக்கொண்டு போனார். ஞாயிறு காலையில் வீடியோவில் அழைப்பு வரும். பத்து நிமிடம் பேத்தியைப் பார்ப்பார். குழந்தை திரையைத் தொட்டால் இவரும் தொடுவார். பின்னால் யாராவது, "சார், ஆதார் கார்டு ரெண்டு பக்கமும் ஒரு காப்பி" என்று நீட்டுவார்கள். சட்டென்று போனைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பார். மனைவி ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள். திரையில் அப்போது ஜெராக்ஸ் மெஷின்தான் தெரியும்.

எப்படியோ நாள் ஓடியது. அவள் திரும்பி வரும் மாதம் வந்தது. லிப்ட்காரர் முடி வெட்டிக்கொண்டார். மெத்தையை வெயிலில் போட்டார்.

அந்த வாரத்தில் பள்ளிக்கூடச் சேர்க்கை தொடங்கி, கடை வாசலில் பெற்றோர் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அப்போது மகளிடமிருந்து ஒரு நீளமான செய்தி வந்தது. "அப்பா, பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சு" என்று அது ஆரம்பித்தது. கடைக்காரர் அதுவரை படித்தார், கட்டைவிரலை அழுத்தினார், அடுத்த ஆளின் கையிலிருந்த தாளை வாங்கினார். அன்று லிப்ட்காரர் வரவில்லை. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிப்ட்டின் கம்பிவடம் மாற்ற வேண்டியிருந்தது, விடிய விடிய வேலை.

மறுநாள் சாயங்காலம் வந்து கவுன்ட்டரில் சாய்ந்தார். செய்தியை முழுவதும் படித்தார். தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல், காய்ச்சலுக்குப் பிறகு வீட்டு வாடகை, அதற்கும் பிறகு கடைசியில்தான் விஷயம் இருந்தது. மகளுக்கு மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியவில்லை. அம்மா இன்னும் ஒரு வருடம் இங்கே இருக்கட்டுமா, விசாவை நீட்டித்துக்கொள்ளலாம், அம்மாவுக்கும் ஆசைதான், உங்களிடம் கேட்கத் தயங்குகிறாள். "உங்களுக்குச் சம்மதம்னாதான் அப்பா. வேண்டாம்னா தைரியமா வேண்டாம்னு சொல்லுங்க."

அதன் கீழே கட்டைவிரல். கட்டைவிரலுக்குக் கீழே குடும்பமே திரண்டு வந்து கொண்டாடியிருந்தது. மகள் வரிசையாக இதயம் போட்டிருந்தாள். மச்சினன், "மாமாவா இது! நம்பவே முடியல" என்று எழுதியிருந்தான். மனைவி எழுதவில்லை, பேசி அனுப்பியிருந்தாள். லிப்ட்காரர் அதை அழுத்தினார்.

"என்னங்க, நீங்க ஒத்துக்க மாட்டீங்கன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. ஒரு நிமிஷத்துல சரின்னுட்டீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு தெரியுமா? நேத்துதான் நிம்மதியா சாப்பிட்டேன்."

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, சத்தியமா நான் கடைசி வரைக்கும் படிக்கல. கூட்டம் நெரிச்சுது. இருங்க, இப்பவே அடிச்சுச் சொல்லிடறேன். அழுத்தினது நான், அவருக்கு விஷயமே தெரியாதுன்னு."

"நானே பேசறேன்" என்றார் லிப்ட்காரர்.

தன் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். காசு பறந்தால் பறக்கட்டும் என்று நேரடியாக நம்பரைப் போட்டார். அதில் அந்தப் போன் ஒருநாளும் சோடை போனதில்லை, குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"என்னங்க! என்ன ஆச்சு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" மனைவி பதறினாள். சாதாரணமாகப் போன் வந்தால் கெட்ட செய்தி என்றுதான் அவள் பழகியிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. அந்த விஷயமா..."

"அதான் சொல்லிட்டீங்களே. இங்க மாப்பிள்ளை கிட்டகூட சொன்னேன். வாயைத் திறக்க மாட்டாரு, ஆனா என் மனசுல இருக்கிறது அவருக்குத் தெரியும்னு." அவள் சிரித்தாள். கூடவே குழந்தை எதற்கோ கத்தியது. "பாருங்க, உங்க குரலைக் கேட்டுட்டா. நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

லிப்ட்காரர் தெருவைப் பார்த்தார். நான் சரி என்று சொல்லவில்லை, எனக்கு இங்கே இருக்க முடியவில்லை, நீ வந்துவிடு. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அவரிடம் பேசும்போது அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்தார். ஆப் நின்று போவதற்கும் முன்னால்.

"குழாய் மாத்திட்டேன்" என்றார். "சமையல்கட்டுக் குழாய்."

"ஐயோ, இப்பவாவது மாத்தினீங்களே! நான் வந்து பார்க்கிறேன். சரி, வைங்க, காசு ஏறும்."

வைத்துவிட்டாள். அவர் கடைக்குத் திரும்பினார். கடைக்காரர் வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"நீ அழுத்தினது அழுத்தினதாவே இருக்கட்டும் தம்பி."

"என்னண்ணே நீங்க, ஒரு வருஷம்!"

"சந்தோஷமா இருக்கா."

கடைக்காரருக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. ஏதாவது ஈடு செய்தாக வேண்டும் என்று தவித்தார். "அப்போ ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கே புதுப் போன் வாங்கிடலாம். நானே கூட வந்து எல்லாம் போட்டுத் தர்றேன். இந்தக் கடையில நின்னுக்கிட்டுப் பேச வேண்டாம், வீட்டுல உட்கார்ந்து தினமும் அவங்க முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

"வேண்டாம். முகத்தைப் பார்த்தா சொல்லிடுவேன்" என்றார் லிப்ட்காரர். "அவளும் என் முகத்தைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவா. இந்தப் போன்லன்னா குரல் மட்டும்தான். சமாளிச்சுக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாங்களே?"

"வேலைன்னு கூப்பிட்டாங்க, போயிட்டேன்னு சொல்லிடு. ரெண்டு மூணு வாரம் போனா எனக்குப் பழகிடும். அப்புறம் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்பு வந்தபோது கடைக்காரர் அப்படியே சொன்னார். சொல்லும்போது அவர் கண் மாடிப்படியைப் பார்த்தது. லிப்ட்காரர் மேலேதான் இருந்தார்.

"ஞாயித்துக்கிழமையும் வேலையா? பாவம் மனுஷன்" என்றாள் மனைவி. எப்போதும் செய்கிற பழக்கத்தில் குழந்தையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினாள். "தாத்தா எங்கே? தாத்தாவுக்கு டாட்டா சொல்லு."

குழந்தை கையை ஆட்டியது. திரையில் வேறு யாரும் இல்லாததால் கடைக்காரர் பதிலுக்குக் கையை ஆட்டினார்.