திரையில் மட்டும் நலம்

டாக்டர் கைப்பேசியில் வரும் நாளில் என் மனைவி காலையிலேயே ஒரு சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிடுவாள். நான் சவரம் செய்து, குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு அதை மாட்டிக்கொள்வேன். இடுப்பில் கைலிதான். திரையில் நெஞ்சு வரைக்கும்தானே தெரியும். மற்ற நாள்களில் பொழுது சாயும்வரை குளிக்காமல் படுத்துக் கிடக்கிற ஆள் நான். அது டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் முன்னால் கசங்கிய பனியனோடு உட்காரக்கூடாது என்பது எங்கள் பழக்கம். திரை வழியாக வந்தாலும் டாக்டர் வீட்டுக்கு வருகிறவர்தான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். கூடத்தில் சாமிப்படம் மாட்டிய சுவருக்கு முன்னால் எனக்கு நாற்காலி. எதிரே மேசையில் பிஸ்கட் டின்மேல் சாய்த்து வைத்த கைப்பேசி. அந்த நேரத்துக்கு விளக்குகூட ஏற்றி வைப்பாள். நோயாளியைப் பார்க்க டாக்டர் வருகிற மாதிரி இருக்காது, எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச யாரோ வருகிற மாதிரி இருக்கும்.

மேரு என்கிற ஊரில் ஒரு கிடங்கில் பல வருடங்களாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி வந்தேன். ஒரு நாள் மத்தியானம், பாரத்தை உயரத் தூக்கிய நிலையில் வண்டி நின்றுவிட்டது. வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. எந்தப் பிடியை இழுப்பது என்று என் கைக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. கூட வேலை செய்த வங்காளதேசத்துக்காரர்தான் ஏறி வந்து சாவியைத் திருப்பி, என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். எல்லாரும் நெஞ்சுவலி என்று நினைத்தார்கள். கிளினிக்கில் நெஞ்சில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, அரசாங்க மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

முதல் தடவை நேரில்தான் போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கும் ஒருவர் எதிரே வந்துவிட்டார்.

"என்னா பாஸ், இங்க?"

"கண்ணு பாக்க வந்தேன்."

"கண்ணு அந்தப் பக்கம்லா! வாங்க, நான் காட்டுறேன்" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கண் பிரிவில் உட்கார வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் கிளம்பிப் போகும்வரை நான் கண் நோயாளிகளோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது என் எண் கடந்து போயிருந்தது.

கடைசி ஆளாக உள்ளே போய் அதை டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அங்கிள், அடுத்த தடவையிலேருந்து வீடியோ கால்ல பேசலாம். மருந்து மட்டும் வந்து எடுத்துக்குங்க" என்றார். சின்ன வயதுப் பெண், நம்மவர். வீட்டில் சொன்னதும் மனைவிக்குப் பெரிய நிம்மதி. "யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள். கேட்டவர்களிடம் எல்லாம் எனக்கு முதுகுவலி, டாக்டர் கொடுத்த எம்.சி. விடுப்பில் இருக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஃபிளாட்டில் கூடத்தில் பேசுவது சமையலறைக்குக் கேட்கும், குளியலறைக்கும் கேட்கும்.

"அங்கிள், தூக்கம் எப்படி?"

நான் மேசைக்கு அந்தப் பக்கம், திரையில் விழாத இடத்தில் நிற்கிற மனைவியைப் பார்ப்பேன்.

"பரவால்ல டாக்டர்."

"நல்லா தூங்குறாரு டாக்டர், சாப்பாடும் முன்னைக்கு இப்ப பரவால்ல" என்று அவள் குரல் கொடுப்பாள்.

"ஆன்டி, நான் அங்கிளத்தான் கேட்டேன்" என்று டாக்டர் சிரிப்பார். "கொஞ்சம் தனியா பேசலாமா?"

அவள் சமையலறைக்குப் போவாள். குழாய்ச் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பது என் வாயில் தானாக வந்து விழும். சின்ன வயதிலிருந்தே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. படிப்பும் பள்ளியோடு சரி. உள்ளே நடப்பதைச் சொல்ல என்னிடம் சொல்லும் இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்பதைத் தவிர. மாத்திரை போட்டும் விடியும்போதுதான் கண் மூடும் என்றோ, கண்ணை மூடினால் மேலே பாரம் ஆடுகிறது என்றோ எப்படித் தொடங்குவது? நல்லா இருக்கேன் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலரும். மலர்ந்த முகத்தைப் பார்த்த பிறகு, சொன்னதைத் திரும்ப வாங்க மனம் வராது.

இப்படியே மாதங்கள் போயின. ஒரு நாள் டாக்டர் சொன்னார்:

"முகம் தெளிஞ்சிருச்சு அங்கிள். அடுத்த மாசம் வேலைக்குத் திரும்பலாம்னு நினைக்கிறேன். அதே வேலைதான், ஓகேயா?"

"ஓகே டாக்டர்!" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

நானும் தலையாட்டினேன்.

"அப்ப அடுத்த தடவ பேசிட்டு, கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துடுறேன்."

திரை அணைந்ததும் மனைவி செந்தூலில் இருக்கிற தன் அண்ணனுக்கு போன் அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அண்ணே, முதுகு சரியாயிருச்சு. அடுத்த மாசம் வேலைக்குப் போறாரு!"

"என்னா மாப்ள, வயித்த வளத்தது போதுமா? ஃபோர்க்லிஃப்ட் தாங்குமா உங்கள?" என்று அவர் கத்திச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. கிடங்கில் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த ஒருவர் இருக்கிறார். ஓய்வு நேரத்தில் அடுக்கி வைத்த சரக்குக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஊரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பார். வண்டிச் சத்தம் கேட்டால், "அண்ணே, பாத்து! நான் இங்கதான் இருக்கேன்" என்று கையை உயர்த்துவார். நானும் ஹாரன் அடித்துவிட்டுப் போவேன். கைக்குப் பிடி தெரியாமல் போன அந்த மத்தியானம் அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான். இனி அப்படி ஆனால் ஒரு ஆள் செத்துப்போவார். அதை என் கை செய்யும். படுத்தாலும் எழுந்தாலும் இதே நினைப்பு.

மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"என்னால ஓட்ட முடியாது."

"டாக்டரே போகலாம்னு சொல்றாங்க. உங்களுக்கு என்னா?"

"டாக்டர் பாக்குறது சட்டைய. என்னைய இல்ல."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை மடியில் வைத்தாள்.

"நான் டாக்டருக்காகவா தேச்சு வைக்கிறேன்? அந்த ஒரு நாளாச்சும் நீங்க பழைய ஆளா தெரியுறீங்க. எனக்கும் அலுப்பா இருக்குங்க."

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த தடவை டாக்டர் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், படுக்கையிலிருந்து எழுந்தபடியே கைப்பேசியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சவரம் செய்யவில்லை, குளிக்கவில்லை. கழுத்துத் தொங்கிய பனியன். "என்னங்க, சட்டை!" என்று மனைவி வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

டாக்டர் திரையில் வந்ததும் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார்.

"அங்கிள்? என்ன ஆச்சு இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். தினமும் இப்படித்தான்."

நான் தொடங்கப் போனேன். அதற்குள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். என் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காரின் சொந்தக்காரர்.

"பாஸ், கொஞ்சம் தள்ளுங்க. வெளிய போகணும்."

கண்ணாடியை இறக்கினேன். "டாக்டர்கிட்ட பேசிட்டு இருக்கேன் பாஸ். கொஞ்சம் பொறுங்க."

அவர் திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஓ, சாரி பாஸ், பேசுங்க பேசுங்க" என்று தள்ளிப் போய் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டார்.

அவரைக் காக்க வைக்கிறோமே என்கிற அவசரத்திலோ என்னவோ, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூக்கம், மேலே ஆடுகிற பாரம், சரக்குக்குப் பின்னால் குந்தியிருக்கிறவர், அவர் மகள். சொல்லி முடித்தபோது பனியன் முழுக்க நனைந்திருந்தது.

"ஏன் அங்கிள் இத முன்னாடியே சொல்லல?"

"நீங்க சந்தோஷப்பட்டீங்க டாக்டர்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் அலுப்பாக இருந்திருக்கும். என்னைப் போல இன்னும் எத்தனை பேரோ.

"வண்டி ஓட்ட வேணாம். இப்போதைக்கு வேலைக்கே போக வேணாம், நான் எம்.சி. நீட்டிக்கிறேன். மருந்தையும் மாத்திப் பாக்கணும். ஆனா அடுத்த வாரம் நேர்ல வாங்க. இதுல எனக்குப் பாதிதான் தெரியுது. ஆன்டியையும் கூட்டிட்டு வாங்க."

அந்த பெஞ்சில் மறுபடியும் உட்கார வேண்டும் என்று நினைத்தபோதே உடம்பு சோர்ந்தது. சரி என்றேன். காரைத் தள்ளி நிறுத்தி, காத்திருந்தவருக்கு வழி விட்டேன். அவர் போகும்போது கை காட்டிவிட்டுப் போனார்.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அண்ணன்கிட்ட என்னா சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள். போய்ப் படுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அண்ணனே அடித்தார். இந்தத் தடவை அவள் ஸ்பீக்கரில் போடவில்லை. சமையலறையிலிருந்து அவள் பேசியது மட்டும் கேட்டது.

"இல்லண்ணே, வேலைக்குப் போகல... முதுகு இல்லண்ணே."

அவள் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"மனசுதான். ஆமா, அந்த டாக்டர்தான் பாக்குறாங்க... சிரிக்காதண்ணே. சிரிக்கிற விஷயமா இது? எப்ப சரியாகும்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த வாரம் நானும் கூடப் போறேன், அவ்வளவுதான் தெரியும்."

அவர் ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார் போலிருக்கிறது. அவளும் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்க் கைப்பேசியை வாங்கிப் பேசலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை. அவளே பேசட்டும் என்று படுத்திருந்தேன்.